கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்

நசீமாவின் வீட்டில் மாடிக்குப் படி வெளியே இருக்கிறது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில் அந்த வீட்டைக் கட்டியபோது, மாடியை வாடகைக்கு விடலாம் என்று அவளுடைய அப்பா, அத்தா என்று அவள் கூப்பிடும் அபுதாஹிர், நினைத்தார். அதனால் படியைச் சுற்றுச்சுவரை ஒட்டி வெளியே வைத்தார். கீழே இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது. வாடகைக்கு யாரும் வரவில்லை. கொரோனாக் காலத்தில் சென்னையிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்து இறங்கிய நசீமாதான் மாடியில் குடியேறினாள். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். நசீமாவுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

அவளுக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. கம்ப்யூட்டரோடு ஒரு பிரிண்டரையோ ஸ்கேனரையோ சேர்த்தால், இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக நசீமா இருபது வருஷமாக அதைத்தான் எழுதுகிறாள். கம்பெனியில் அவளுக்குக் கறார் என்று பெயர். மெஷின் ஒன்று தப்பாக நடந்துகொண்டால் ஏன் என்று பார்க்காமல் மேலே பூசி மெழுகுவது அவளுக்குப் பிடிக்காது. அதனாலேயே அவளோடு வேலை செய்யப் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

அபுதாஹிர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். கல்லாவில் ஆள் இல்லாமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. தொழுகைக்குப் போவதென்றாலும், ஒன்றுக்குப் போவதென்றாலும், பக்கத்துப் பாத்திரக்கடை மாரிச்சாமியைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். மாரிச்சாமி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். ஒருமுறை மாரிச்சாமி ஊரில் இல்லாத நாளில், வயிறு கலக்கி, கடை ஷட்டரையே இறக்கிப் பூட்டிவிட்டுப் போனாராம். நசீமாவும் அவள் தம்பி நஸ்ருதீனும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடையை விற்றாகிவிட்டது. இப்போது அவருக்கு எழுபத்தாறு. இரண்டு வருஷமாக நினைவு தப்புகிறது. காலையில் நன்றாகப் பேசுவார். மத்தியானத்துக்கு மேல் கடைக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவார். கேட்டைப் பூட்டினால் கம்பியைப் பிடித்து ஆட்டுவார், தெருவே வந்து நிற்கும். ஒருநாள் பூட்டியிருந்த கேட்டில் தலையை முட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு பூட்டுவதில்லை. அவர் எழுந்தால் யாராவது கீழே போய்ப் பேச்சுக் கொடுத்துத் திருப்ப வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் காளீஸ்வரி சமைத்துக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கெல்லாம் செட்டியார்பட்டி பஸ் ஏறிவிடுவாள். அதன்பின் மாடியில் வேலை பார்க்கும் நசீமாதான். அதற்காகத்தான் கேமரா.

நஸ்ருதீன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேமராவும் கம்ப்யூட்டரும் விற்று மாட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். "போன்லயே பாக்குற மாதிரி கேமரா இருக்குக்கா, கொண்டாந்து மாட்டுதேன்" என்றான்.

"அத்தா வேட்டி மாத்துறத எந்த ஊரு சர்வர்லயோ கொண்டுபோய் வைக்கணுமோ? வேண்டாம்."

"உன்னையக் கேட்டா ஒண்ணும் வேண்டாம்பே."

கடையில் கிடந்த பழைய கேமரா ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். பீரோவுக்கு மேலே, கட்டிலைப் பார்த்தபடி அதை வைத்தார்கள். பக்கத்தில் கைக்குள் அடங்குகிற சின்னக் கம்ப்யூட்டர். கேமரா செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. அதற்கான டிரைவரை நசீமாவே எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படம் வந்துவிட்டது. மாடியில் அவள் வேலை பார்க்கும் திரையின் வலது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, கட்டிலும் அத்தாவும். அதன் அடியில் மணி, நிமிஷம், நொடி ஓடிக்கொண்டிருக்கும்.

பிரச்சனை, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது வந்தது. மாறுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் சின்னக் கம்ப்யூட்டர் தாக்குப்பிடித்தது. கேமராவின் கண் மட்டும் அணைந்து எழுந்தது. எழும்போது அதற்கு எதுவும் ஞாபகம் இருக்காது: எந்த அளவில் படம் எடுக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் அனுப்ப வேண்டும், எதுவும். ஆனால் வயர் அறுபடாததால் டிரைவருக்கு இது தெரியாது. பழையபடி எல்லாம் இருக்கிறதென்றே நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கும். பதிலுக்குக் கிழிந்த படம் வரும். பாதிக் கட்டில், பாதிப் பச்சை. அத்தாவின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.

"கிழிஞ்சத தூரப் போட்டுட்டு, முந்தி வந்த நல்ல படத்தையே திருப்பிக் காட்டச் சொல்லு. செத்த நேரத்துல அதுவே சரியாயிரும்" என்றான் நஸ்ருதீன்.

"சரியாகலன்னா?"

"ஏன் ஆகாது? அம்புட்டு கம்பெனிக்காரனும் அதத்தான் செய்யுதான்."

"ஏலே, கூரை ஒழுகுதுன்னா கீழ வாளி வைக்கிறது ஒரு வழி. ஏறி ஓட்ட மாத்துறது ஒரு வழி. நீ என்ன சொல்லுதன்னா, தண்ணிய யாரும் பாக்காம தொடச்சுட்டு ஒழுகவே இல்லன்னு சொல்லச் சொல்லுத."

"உனக்கு ஏன் இன்னும் பிரமோஷன் வரலன்னு இப்பத்தான் வெளங்குது" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

அவன் சொன்னதைத்தான் அவள் செய்தாள். அந்த வாரம் கம்பெனியில் வேலை கழுத்துக்கு மேல் இருந்தது. கேமராவின் கண் அணைந்து எழுந்ததைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அதற்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி டிரைவரை மாற்ற உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதுவோ இரண்டு மூன்று வரி. தற்காலிகம் என்று அந்த வரிகளுக்கு மேலே குறிப்பும் எழுதிவைத்தாள். கிழிந்த படம் அதன்பின் வரவே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

முதலில் கவனித்தது காளீஸ்வரி. ஒருநாள் மாடியைக் கூட்ட வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, பெரியவிய கட்டில்லயா இருக்காவ?"

"ஆமா. ஏன்?"

"இப்பத்தான் கொல்லையில பல்லு குச்சி ஒடிச்சுக்கிட்டு நின்னாவ. எங்கூடப் பேசுனாவளே. நான் படி ஏறதுக்குள்ள எப்படி வந்து உக்காந்தாவ?"

நசீமா எழுந்து மாடிச் சுவரோரமாகக் கொல்லையை எட்டிப் பார்த்தாள். வேம்புக்குக் கீழே அத்தா நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். கட்டிலில் அத்தா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து, சற்றே முன்னால் குனிந்து. படத்துக்கு அடியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மணியைப் போடுவது கேமரா இல்லை, திரைப் பக்கத்து புரோகிராம். படம் நின்றாலும் அது நிற்காது.

"ஒண்ணுமில்ல காளீஸ்வரி. படம் நின்னுபோச்சு." ஒரு பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவைத்தாள். கட்டில் காலியாக வந்தது.

"நின்னுபோனா கறுப்பால்ல இருக்கணும்?" என்றாள் காளீஸ்வரி. மறுநாளிலிருந்து அவள் மாடிக்கு வரவில்லை. கேட்டால், முட்டி வலிக்கிறது என்றாள்.

சரிசெய்திருக்க வேண்டும். நசீமாவுக்கு அது தெரியும். ஆனால் அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது.

மத்தியானம், வெயில் மொட்டைமாடித் தளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. மில்லின் இரைச்சல் மட்டும் தூரத்தில் இருந்தது. அது எப்போதும் இருப்பதால் யாருக்கும் கேட்பதில்லை. நசீமா திரையைப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தாள். மூலையில் அத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்போது அவளுடைய நாற்காலிக்குப் பின்னாலிருந்து அத்தாவின் குரல் கேட்டது.

"அது யாரும்மா?"

அவள் உடனே திரும்பவில்லை. முதலில் திரையைத்தான் பார்த்தாள். அதில் அவர் இருந்தார். பிறகு திரும்பினாள். அவர் இங்கேயும் இருந்தார், மூச்சு வாங்க, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

"நீங்கதான் அத்தா. உங்க படம்."

"நான் இங்கல்ல நிக்கேன்?"

"இது முந்தி எடுத்தது."

"மணி ஓடுதே." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, முகம் திரையில் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பயப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் பயப்படவில்லை. நிமிர்ந்து, வேட்டியைச் சரிசெய்து, திரையில் இருந்தவருக்கு மரியாதையாக ஸலாம் சொன்னார்.

அன்றைக்கு அவர் கடைக்கு நேரமாயிற்று என்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மத்தியானத்தில் படி ஏறி வருவார், திரையைப் பார்ப்பார், சில நாள் படம் ஓடிக்கொண்டிருக்கும், கட்டில் காலியாக இருக்கும். அப்போது முகம் சுருங்கும், கீழே போய்விடுவார். சில நாள் படம் நின்றிருக்கும், அவர் அதில் உட்கார்ந்திருப்பார். அப்போது முகம் தெளிந்துவிடும். ஒருநாள் நசீமா கீழே போனபோது கட்டிலில் அவர் ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர் உட்காரும்படி இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் இருந்தது, எறும்பு மொய்த்து.

"இது யாருக்கு அத்தா?"

"அவருக்கு" என்றார். அவளுக்குத் தெரியாதா என்ன என்பதுபோல.

அவள் பிஸ்கட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போர்வையை உதறினாள். தேவையில்லாமல் இரண்டு தரம் உதறினாள். இருந்தாலும் அந்த இரண்டு வாரமும் அவர் கேட்டுப் பக்கம் போகவில்லை. அவளும் எந்த மீட்டிங்கிலிருந்தும் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் சரிசெய்யலாம் என்று தள்ளிவைத்தாள்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் பிரேம்குமாரோடு மீட்டிங். அவன் சென்னையில் இருப்பவன், அவளைவிடப் பத்து வயது சின்னவன், டீமுக்குத் தலைவன். மருந்துக் கிடங்கு ஒன்றில் கம்பெனி கொடுத்த ஸ்கேனர் அவ்வப்போது லேபிளைப் படிக்கத் தவறியது. தவறினால் பழைய லேபிளையே திருப்பிக் கொடுக்கிற மாதிரி மாற்றி, இந்த மாதமே அனுப்பிவிடலாம் என்றான்.

"பிரேம், படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். பழசத் திருப்பிக் குடுத்தா, இந்த மாத்திரைன்னு நினைச்சு அந்த மாத்திரையத் தூக்கி வைப்பான்."

"மேடம், கஸ்டமர் கேக்குறது எரர் வரக்கூடாதுன்னு. அவ்வளவுதான்."

"எரர் வரக்கூடாதுன்னா எரரச் சரிபண்ணணும். அதோட வாய மூடக் கூடாது."

"சரிபண்ண எத்தன நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியாது. இத இப்ப குடுத்துட்டு, அத மெதுவாப் பாப்போம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல மேடம்."

"அத யாரும் மெதுவாப் பாக்கிறதில்ல பிரேம். அதுதான் விஷயம்."

இதைச் சொல்லும்போது அவள் கண் ஒருதரம் திரையின் மூலைக்குப் போய் வந்தது. அத்தா உட்கார்ந்திருந்தார். அவளுக்குள் ஏதோ லேசாக உறுத்தியது. ஆனால் பேச்சு சூடாக இருந்தது, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது, அவள் உதாரணம் மேல் உதாரணமாகச் சொன்னாள். கடைசியில் பிரேம்குமார் இறங்கிவந்தான். சரியாகவே செய்வோம், கஸ்டமரிடம் நான் பேசுகிறேன் என்றான். இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஹெட்செட்டைக் கழற்றியபோது காது வியர்த்திருந்தது. மூலையில் அத்தா உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. நஸ்ருதீன்.

"அக்கா, அத்தா எங்க?"

"கீழதான் இருக்காவ."

"நல்லாப் பாத்தியா?"

"இப்பக்கூடப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டில்ல உக்காந்திருக்காவ."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. பிறகு நஸ்ருதீன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அத்தா என் பக்கத்துல நிக்காவ."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கிருஷ்ணன்கோவில்ல நிக்கோம். ஒரு காலேஜ் பஸ் டிரைவர் போன் பண்ணுனாரு. அத்தா சட்டப் பையில என் கார்டு இருந்திருக்கு. மதுர ரோட்டுல நடுவால நடந்து போயிருக்காவ. லாரிக்காரன் பிரேக் அடிச்ச தடம் இன்னும் ரோட்டுல கெடக்கு. அக்கா? கேக்குதா?"

கேட்டது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தா இரண்டு கையையும் மடியில் வைத்து, சற்றே முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நொடிகள் ஓடின. அவருடைய காலடியில், ஜன்னல் வழியாக விழும் வெயில் ஒரு கட்டமாகத் தரையில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்து வெயில் அது. இந்நேரத்துக்கு அது சுவரேறிப் போயிருக்க வேண்டும். மீட்டிங்கில் தன்னை உறுத்தியது எதுவென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

படி இறங்கிக் கீழே போனாள். கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். கட்டில் காலி. உட்கார்ந்த இடத்தில் போர்வை லேசாகக் குழிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. தரையில் வெயில் இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து பீரோ மேல் கேமரா தெரிந்தது. அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது தன்னைப் பார்க்கிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. திரும்ப மாடிக்கு ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் திறந்துவிட்டு வந்த கதவோ, தொட்ட போர்வையோ திரையில் மாறவே இல்லை. கட்டிலில் அவர்தான் இருந்தார்.

நஸ்ருதீன் ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தான். அத்தாவின் ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் கொப்புளம் பெரிதாக எழும்பி உடைந்திருந்தது. கடைக்குப் போகப் பஸ் ஏறியவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க மறந்து அதே பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரை போயிருக்கிறார். இறங்கி, கடை இருக்கும் பக்கம் என்று நினைத்து, வெயிலில் மதுரையைப் பார்த்து நடந்திருக்கிறார். கொப்புளத்துக்கு மருந்து போடும்போது அவர் கால் விரல்களை மட்டும் சுருக்கினார்.

"ஏன் அத்தா சொல்லாமப் போனிய?" என்று கேட்டாள்.

"சொல்லாம எங்க போனேன்? மேல வந்து பாத்துட்டுத்தான போனேன். நீ யாரோடயோ சண்ட போட்டுக்கிட்டு இருந்த." அவர் கட்டிலைக் காட்டினார். "ஆளு உக்காந்திருந்தாரு. ஆளு இல்லாம என்னைக்காவது நான் எறங்கியிருக்கேனா?"

நஸ்ருதீன் அக்காவைப் பார்த்தான். அக்கா பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவரை அவள் அன்றே பிரித்துப் போட்டாள். கம்பெனிக்கு மூன்று நாள் லீவு சொன்னாள். கேமராவின் கண் அணைந்து எழுந்தால் அதன் உள்ளே ஒரு எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்று கண்டுபிடித்தாள். டிரைவர் அந்த எண்ணை அடிக்கடி கேட்க வேண்டும். பூஜ்யம் என்றால், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேமராவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை மேலே படம் போகக்கூடாது, ‘படம் இல்லை’ என்றே போக வேண்டும். நஸ்ருதீனைக் கீழே நிற்கவைத்து மெயின் சுவிட்சை இறக்கி இறக்கி ஏற்றச் சொன்னாள். திரை ஒவ்வொரு தடவையும் கறுத்து, இரண்டு மூச்சு நேரம் கழித்துத் தெளிந்தது. தெளியும்போதெல்லாம் தம்பி திரையில் கையை ஆட்டினான். பழைய வரிகளை அழித்தாள்.

"இப்பச் சரியா?" என்றான் நஸ்ருதீன், படி ஏறி வந்து.

"சரி."

சரியாகத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் அத்தா, கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு மேலே வந்தார். திரையைப் பார்த்தார். கட்டில் காலி. போர்வையின் நுனி ஃபேன் காற்றில் ஆடியது.

"எங்க அவரு?"

"யாரும் இல்ல அத்தா. அங்க யாரும் இல்ல."

"ஆளு இல்லாமயா கெடக்கு?" என்றார். அவள் கையைப் பிடிப்பதற்குள் திரும்பிப் படியில் இறங்கினார், கைப்பிடியை விட்டு, பதறிக்கொண்டு. அவள் பின்னால் ஓடினாள். அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்து, சற்றே முன்னால் குனிந்து.

எழவில்லை. சாயங்காலம் எழவில்லை. அங்கேயே சாப்பிட்டார். ஒன்றுக்குப் போக எழுப்பினால், "யாரு உக்காருவா?" என்று கேட்டார். காளீஸ்வரி உட்கார்ந்த பிறகுதான் எழுந்தார், அதுவும் ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்பினார். படுக்கச் சொன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். நாலு நாளில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. அமுக்கினால் குழி விழுந்தது, அது நிரம்ப நேரமானது. நடக்கவைக்கவில்லை என்றால் சிக்கல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடித் திரையில் படம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. அதில் இருந்தவர்தான் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நசீமா வெயில் கட்டத்தைப் பார்ப்பாள். வெயில் நகர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை நஸ்ருதீன் வந்தபோது அத்தாவின் காலைப் பார்த்துவிட்டு நேராக மாடிக்கு வந்தான்.

"பழசையே போடுக்கா."

"போட்டா ரோட்டுக்குப் போயிருவாவ."

"ரெண்டு திரை வையி. உனக்கு ஒண்ணு, நெசமான படம். அவியளுக்கு ஒண்ணு, அந்தப் பழைய படம், அப்படியே நிக்கட்டும். அதப் பாத்துட்டு எந்திரிச்சு நடப்பாவ. கேட்டுப் பக்கம் போனா நீ நெசப் படத்துல பாத்துக்கோ. எம்புட்டுச் சுளுவா இருக்கு?"

அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அவளும் அதை யோசித்திருந்தாள். அன்றைக்குக் கடைசியாக நின்ற படம் அவளிடம் இருந்தது, அழிக்கவில்லை. இருவருமாக அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூலையில் உள்ளங்கை அகலத்தில் இருந்தபோது தெரியாதது அப்போது தெரிந்தது. அத்தா குனிந்திருந்தாலும் கண்ணை மேலே தூக்கியிருந்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. கல்லாவில் உட்காரச் சொல்லி யாராவது கேட்டால் சரி என்பவரின் சிரிப்பு. அத்தாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததாக இரண்டு பேருக்குமே நினைவில்லை.

நஸ்ருதீன் திரையிலிருந்து ஓரடி பின்னால் போனான்.

"அத மூடுக்கா" என்றான் நஸ்ருதீன்.

மூடினாள். பிறகு அழித்தாள். அவன் தடுக்கவில்லை. ஆனால் கீழே இறங்கும்போது, "அப்ப என்னதான் செய்யப் போற? அத்தாவையும் ரிப்பேர் பண்ணுவியோ?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதுக்கு வழி இல்லன்னு எனக்கும் தெரியும்லே" என்றாள் அவள்.

மறுநாள் மத்தியானம் காளீஸ்வரியை ஒரு மணி பஸ்ஸுக்குப் போகாமல் இருக்கச் சொன்னாள். கீழே போய் அத்தாவின் முன்னால் நின்றாள்.

"எந்திரிங்க அத்தா. நான் உக்காருதேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். போர்வை அவர் சூட்டோடு இருந்தது. அவர் வெளியே போனார். மாடிப்படியில் அவர் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. மேலே அவளுடைய திரைக்கு முன்னால் நின்று அவர் இப்போது பார்ப்பார். என்ன பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியாது. பீரோ மேல் சின்ன விளக்கு எரிந்தது. படம் ஓடுவதாக அவர் நம்ப வேண்டும் என்றால் கையையாவது அசைக்கலாம். அசைத்தால் பதறிவிடுவாரோ என்று அசைக்காமல் இருந்தாள். இரண்டு கையும் தாமாகவே மடிக்கு வந்திருந்தன. நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் குனிந்துதான் உட்கார வருகிறது.

இறங்கி வரும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நிழல் விழுந்தது. அத்தா கம்பி வழியாக உள்ளே பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. மகளைப் பார்க்கிற முகம் இல்லை அது.

"பாத்துக்கோங்க. வந்துருதேன்" என்றார், மரியாதையாக.

மாடியில் அவளுடைய கம்ப்யூட்டர் மீட்டிங்குக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. கேட்டின் கொண்டி விலகியது. அடுப்படிப் பக்கமிருந்து காளீஸ்வரி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நாலடி பின்னால் சத்தமில்லாமல் அவரோடு தெருவில் இறங்கினாள். தெருமுனை வரை போய்த் திரும்பக் கூட்டிவருவதாகப் பேச்சு.

"சரி" என்றாள் நசீமா, ஜன்னலில் யாரும் இல்லாதபோது. உட்கார்ந்திருந்தாள்.